அனஸ்தீசியா: மயக்கமா, உணர்விழப்பா?

ஆபரேஷன் என்றாலே "மயக்க ஊசி போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறோம். மனிதருக்கு அந்தச் சொல் போதும். குதிரை அறுவையைத் தமிழில் எழுதும்போது போதாது.

அனஸ்தீசியா கிரேக்கச் சொல். 'அன்' இல்லாமை, 'ஐஸ்தேசிஸ்' உணர்தல். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் நோயாளிக்கு ஈதரை முகரவைத்து, வலியில்லாத அறுவை முடியும் என்று காட்டினார். அடுத்த மாதமே மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி இந்தப் பெயரை முன்மொழிந்தார். வேரில் மயக்கம் எங்கேயும் இல்லை.

நம் மயக்கமோ பல வீட்டுப் பிள்ளை. இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்றால் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது. வெயிலில் சுருண்டு விழுவதும் மயக்கம், காதலும் மயக்கம்.

குதிரையிடம் வருவோம். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பே புல்லை எடுத்துவிடுவார்கள். வாந்திக்குப் பயந்து அல்ல. குதிரைக்கு வாந்தி வராது. மல்லாத்தும்போது நிறைந்த குடல் உதரவிதானத்தை அழுத்தி மூச்சைத் திணறவைக்கும். லாடத்தைக் கழற்றி, கழுத்து நாளத்தில் ஊசிக்குழாய் பொருத்தி, வாயைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். கன்னத்தில் ஒதுங்கிய வைக்கோல் துணுக்கு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாதே!

பிறகு சைலசின் என்ற மருந்து. சில நிமிடங்களில் தலை முழங்கால் வரை தொங்கும், கீழுதடு தளரும். ஆனாலும் குதிரை நிற்கும். தொட்டால் உதைக்கவும் செய்யும். தமிழில் மயக்கம் எனத் தகுந்தது இதுதான். இது செடேஷன். அடுத்து கெட்டமைன், டயசிபாம் என்ற மருந்துகள் ஏறியதும், மெத்தைச் சுவர் அறையில் ஐந்நூறு கிலோ உடம்பு சாயும். அனஸ்தீசியா அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டையும் மயக்கம் என்றே எழுதினால், நிற்கும் குதிரைக்கும் கிடக்கும் குதிரைக்கும் வேறுபாடு தெரியாது. செடேஷனுக்கு மயக்கம், அனஸ்தீசியாவுக்கு உணர்விழப்பு என்பது என் தேர்வு. 'உணர்வின்மை' வேருக்கு நெருக்கம்தான். ஆனால் கல்நெஞ்சக்காரரையும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். பல் பிடுங்கும் முன் போடுவதற்கு 'மரத்துப்போற ஊசி' ஏற்கெனவே இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

உணர்விழப்பிலிருந்து குதிரை திரும்புவதும் மயக்கத்தின் வழியாகத்தான். அரைகுறை நினைவில் எழ முயன்று, தைத்த காலையே மறுபடி முறித்துக்கொள்வதும் உண்டு. 2006இல் பந்தயத்தில் கால் முறிந்த பார்பரோ என்ற குதிரையை, பென்சில்வேனியாவில் அறுவை முடிந்ததும் மிதவையில் வைத்து நீச்சல் குளத்தில் இறக்கி விழிக்கவிட்டார்கள். எவ்வளவு உதைத்தாலும் தண்ணீர்தானே.