விமானம் நின்ற பிறகுதான் ஏரோபிரிட்ஜுக்கு வேலை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கிருந்து வளைகுடாவுக்குப் புறப்பட்டாலும் பெரும்பாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறோம், கூடவே வழியனுப்ப ஒரு கார் நிறையச் சொந்தக்காரர்கள். அங்கே விமானத்துக்குள் நுழைவதற்கு முன்னால் கடைசியாக நடக்கிற அந்தச் சாய்வான கூண்டுப் பாதையை யாரும் நின்று பார்ப்பதில்லை. பாஸ்போர்ட் எந்தப் பையில் இருக்கிறது, தூக்கிக்கொண்டு வந்த சிப்ஸ் பொட்டலம் நொறுங்கிவிட்டதா என்கிற கவலையிலேயே அதைக் கடந்துவிடுகிறோம். அதன் பெயர் ஏரோபிரிட்ஜ். கட்டடத்தோடு சேர்ந்து கட்டிய ஒரு நடைபாதை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது பல டன் எடையுள்ள ஒரு வண்டி. சக்கரம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறார். அமெரிக்காவில் 1959 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது, அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

கட்டடத்தை ஒட்டி, தரையில் நட்ட ஒரு தூணின் மேல் வட்டமான அறை ஒன்று இருக்கும், அதை ரொட்டண்டா என்பார்கள். மொத்தப் பாலமும் இதைச் சுற்றித்தான் இடமும் வலமும் திரும்புகிறது. அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், சுருங்கும். உள்ளே நடக்கும்போது ஓரிடத்தில் தரை சட்டென்று ஓர் அங்குலம் இறங்கி, டிராலி பை 'டக்' என்று குதிக்கிறதே, அதுதான் ஒரு பெட்டி முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம். கடைசியில் விமானத்தைத் தொடுகிற முனை கேப். ஓட்டுபவர் நிற்பது அங்கேதான். அந்தக் கேபுக்குக் கொஞ்சம் பின்னால், பாலத்தின் எடையைத் தாங்கிக்கொண்டு உயர்த்துவதற்கு இரண்டு தூண்கள், அவற்றின் அடியில் இரண்டு சக்கரங்கள். டயர் பெரும்பாலும் காற்றடைக்காத கெட்டி ரப்பர். இந்த இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் என்பதால், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழன்றால் வண்டி திரும்பிவிடும். ஸ்டியரிங் என்று தனியாக எதுவும் தேவையில்லை. நாம் நடக்கிற வேகம்கூட அதற்குக் கிடையாது.

போயிங் 737-ன் முன்வாசல் தரையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் மீட்டர் உயரம், ஏர்பஸ் 320-க்கு சுமார் மூன்றரை மீட்டர், போயிங் 777 என்றால் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இத்தனைக்கும் ஒரே பாலம் ஈடுகொடுக்க வேண்டும். அதே நேரம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு மூச்சு வாங்கவும் கூடாது. அதனால் சாய்வு 12-க்கு 1 என்ற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதாவது 12 அடி நடந்தால் ஓர் அடி ஏற்றமோ இறக்கமோ. பாலம் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விமானத்தை நெருங்கும்போது பாலத்தின் கேப் முனையின் முன்விளிம்பில் உள்ள சென்சார்கள் தூரத்தை அளந்து வேகத்தைக் குறைக்கும். கடைசியில் ரப்பர் பம்பர் லேசாகத் தொட்டதும், அதற்குள் இருக்கும் லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். பிறகு மேலிருந்து மடிப்பு மடிப்பான கூரை இறங்கி விமானத்தின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பாலத்தின் தரையை விமான வாசலுக்குச் சமமாக வைக்காமல் கொஞ்சம் தாழ்த்தித்தான் நிறுத்துவார்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து பாலத்தின் தரைக்கு மேலேதான் நிற்கும், இடைவெளி இல்லாவிட்டால் உரசும். வாசலில் கால் தடுக்கிய எல்லோரும் ஓட்டுபவரைத் திட்டியிருப்போம், பாவம், அவர் சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறார்.

புதிதாக வேலைக்கு வந்த பையன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பிளேன்தான் நின்னாச்சே அண்ணே, இனி என்ன இருக்கு?" இனிமேல்தான் எல்லாமே இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற பூம்புகார் படகில் ஏறியவர்களுக்கு இது சொன்னதும் புரியும். கட்டிப்போட்ட படகு துறையை ஒட்டியே நின்றாலும் அலைக்கு ஏறி இறங்கும், அதனால்தான் ஊழியர் நம் கையைப் பிடித்து நேரம் பார்த்து ஏற்றிவிடுகிறார். நின்றுகொண்டிருக்கும் விமானமும் ஏறி இறங்குகிறது, மெதுவாக என்பதுதான் வித்தியாசம். அதன் சக்கரக் கால்களுக்குள் எண்ணெயும் அழுத்தப்பட்ட நைட்ரஜனும் இருக்கின்றன, பாரத்துக்கு ஏற்ப அவை ஸ்பிரிங் போல அமுங்கும், நீளும். 180 பேர் இறங்கிப்போனால், ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலே பதின்மூன்றரை டன் குறைகிறது, பெட்டிகள் தனி. கால்கள் நீண்டு விமானம் எழும்பும். அடுத்த பயணத்துக்கு எரிபொருளும் சாமான்களும் ஆட்களும் ஏறினால் மறுபடியும் அமுங்கும். பாலம் மட்டும் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? விமானம் எழும்பினால் வாசலில் படி உயர்ந்து ஆள் தடுக்கி விழுவார். அமுங்கினால் அதைவிட மோசம். திறந்திருக்கும் கதவின் அடிவிளிம்பு பாலத்தின் தரையில் உட்கார்ந்து, பாரம் முழுக்கக் கதவின் கீலுக்கு வந்துவிடும். கீல் வளைந்தால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது.

இதற்காக இருப்பதுதான் ஆட்டோ லெவலர். பாலத்தின் கேப் முனையின் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, அதன் நுனியில் உள்ள சின்ன ரப்பர் சக்கரம் விமானத்தின் உடம்பில் சாய்ந்திருக்கும். விமானம் எழும்பினால் சக்கரம் ஒரு பக்கம் உருளும், அமுங்கினால் மறுபக்கம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்த்து பாலம் தானாக ஏறும், இறங்கும். ஓட்டுபவர் ஆட்டோ நிலைக்கு மாற்றியதும் சக்கர மோட்டார்கள் பூட்டிக்கொள்ளும், மேலும் கீழும் மட்டுமே அசைவு. சாவி அவர் கையில் இருந்தாலும் பாலம் இப்போது அந்தச் சின்னச் சக்கரத்தின் பேச்சைத்தான் கேட்கிறது.

அதனால் பராமரிப்பில் இருப்பவர்கள் அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான், செலவிட வேண்டியதும் இதில்தான் என்பேன். விமானம் இல்லாத நேரத்தில் ஆட்டோவில் போட்டுவிட்டு, ரப்பர் சக்கரத்தை ஒருவர் கையால் மேல்நோக்கி உருட்டுவார். பாலம் ஏற வேண்டும், கையை நிறுத்தியதும் நிற்க வேண்டும். அடுத்து நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருப்பார். சில விநாடிகள் கழிந்ததும் பாலம் தானாக நின்று மணி அடிக்க வேண்டும். எந்த விமானமும் விடாமல் அவ்வளவு நேரம் எழும்பாது, அப்படி ஒரு சிக்னல் வந்தால் சக்கரமோ சென்சாரோ கெட்டுவிட்டது என்று பாலமே புரிந்துகொள்ள வேண்டும். மணி அடிக்கவில்லை என்றால் அந்தப் பாலத்தை விமானத்தின் பக்கமே விடக்கூடாது. ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்பதையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள், வழுக்கினால் விமானம் அமுங்கும், சக்கரம் உருளாது. இரண்டாவது காவலாக சேஃப்டி ஷூ என்று ஒன்று இருக்கிறது. திறந்த கதவுக்கு நேர் கீழே தரையில் வைக்கிற கட்டை, உள்ளே சுவிட்ச். கதவு அதை அழுத்தினால் பாலம் உடனே இறங்கும். இதையும் தினமும் காலால் அழுத்திப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

பாலத்தை உயர்த்துகிற தூண்கள் இரண்டு வகை. ஒன்று ஹைட்ராலிக் சிலிண்டர், மற்றது மோட்டார் சுழற்றுகிற திருகுத் தண்டு, பால் ஸ்க்ரூ. ஹைட்ராலிக்கில் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பாலம் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால் ஓரிடத்தில் நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொண்டு சில மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது நல்ல சோதனை. திருகுத் தண்டில் கிரீஸ் காய்ந்தால் தேய்மானம். இரண்டு தூண்களில் ஒன்று முந்திக்கொண்டால் பாலம் கோணலாகும் என்பதால், உயர வித்தியாசத்தைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்துகிற சுவிட்ச் ஒன்றும் உண்டு.

ஒரு விமானம் போய் அடுத்தது வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில்தான் இதெல்லாம். பெரிய வேலைகள் நள்ளிரவுக்குப் பிறகு என்று வைத்தாலும், வளைகுடா விமானங்கள் வருகிற ஊர்களில் நள்ளிரவுதான் கூட்டமே. திருவனந்தபுரத்தில் மட்டும் ஒரு வசதி: பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போவதால், வருடத்துக்கு இரண்டு முறை சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள்.

தினமும் பார்ப்பது கண்ணுக்குத் தெரிவதை: டயரில் வெட்டு, தரையில் எண்ணெய்ச் சொட்டு, கூரைத் துணியில் கிழிசல், எச்சரிக்கை விளக்கு. பாலம் ஓய்வாக நிற்பதற்கென்று தரையில் வண்ணம் பூசிய வட்டம் இருக்கும், விமானம் உள்ளே வரும் முன் சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றனவா என்பதும் இதில் சேர்த்தி. மாதக்கணக்கில் ஒருமுறை கிரீஸ், கேபிள், லிமிட் சுவிட்சுகள். அதற்கும் மேலே, இரும்புச் சட்டத்தின் ஆரோக்கியம். போல்டை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு வலுவில் இறுக்குகிற ஸ்பேனர்) இறுக்கியதும் போல்டுக்கும் நட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அடுத்த முறை அந்தக் கோடு நேராக இல்லாமல் உடைந்து தெரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், கருவி எதுவும் தேவையில்லை. வெல்டிங் விரிசல் அப்படிக் கண்ணில் படாது. சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த சாயம் வெள்ளையில் கசிந்து, முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு எழும்பி வரும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நெருப்புக் கணக்கு தனி. கீழே எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தால் பாலம் குறைந்தது 5 நிமிடமாவது ஆட்கள் தப்பிக்கிற வழியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி. தரையிலும் சுவரிலும் கண்டபடி ஓட்டை போட்டு கேபிள் இழுத்துவிட்டு அடைக்காமல் போவது அதனால்தான் பெரிய குற்றம்.

இனி உப்பு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீடு கட்டியவர்களிடம் ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்கியது என்று கேட்டுப் பாருங்கள், பெருமூச்சுதான் பதில். திருவனந்தபுரம் விமான நிலையமும் கடலை ஒட்டியே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். நம் கடற்கரையில் அது பல நாள் ராத்திரிகளில் நடக்கிற சமாச்சாரம். ஆகவே மழை பெய்யாவிட்டாலும் இரும்பின் மேல் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கும், துரு வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் பூசி, அதன் மேல் பெயின்ட் அடித்தாலும், ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து தொடங்கும். நல்ல மழை கழுவிவிடுகிற கூரையைவிட மழையே படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு அதிகம் சேரும், அதனால் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டியது அடிப்பக்கத்தை. தண்ணீர் வடியும் ஓட்டைகள் தூசியால் அடைத்திருந்தால் பெட்டியின் உள்மூலையில் குளம் கட்டும். ரொட்டண்டாவின் பக்கவாட்டில் சுருண்டு விரிகிற ஷட்டர் பட்டைகள் முதலில் கீழ்முனையில்தான் அரிக்கும். லிமிட் சுவிட்சுக்குள் ஈரம் புகுந்து தொடுமுனை பச்சை பிடித்தால் வெளியே எல்லாம் பளபளவென்று இருக்கும், உள்ளே சுவிட்ச் செத்திருக்கும்.

அடிக்கடி அசைகிற பாகங்களுக்கு இந்த ஊர்க் காற்று அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, கிரீஸ் படுகிறது, உராய்ந்து சுத்தமாகிறது. மாட்டிக்கொள்வது பிரேக்கை விடுவிக்கும் கைநெம்பு. சக்கர பிரேக்கைப் பிடித்து வைப்பது ஸ்பிரிங், விடுவிப்பது மின்சாரம். எனவே கரண்ட் போனால் பாலம் நின்ற இடத்தில் இறுகிவிடும், அது பாதுகாப்புக்குத்தான். ஆனால் விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக நிற்கும்போது அப்படி ஆனால், ஒருவர் கீழே போய் அந்த நெம்பை இழுத்து பிரேக்கைத் தளர்த்த வேண்டும், பிறகு டிராக்டரைக் கட்டிப் பாலத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத நெம்பு உப்புக்காற்றில் பிடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு எத்தனை பேர் தொங்கினாலும் வராது. கோளாறு எதுவும் இல்லாத நாளிலேயே டிராக்டரைக் கொண்டுவந்து, நெம்பை இழுத்து, பாலத்தை இரண்டடி நகர்த்திப் பார்த்து, கிரீஸ் வைத்து, தேதி எழுதிவிட்டுப் போவது அதற்காகத்தான்.