கேமராவுக்குத் தண்ணீருக்குள் எவ்வளவு கனம்?

நீர்புகா உறை, இரண்டு ஃபிளாஷ் விளக்குகள், அவற்றைத் தாங்கும் கைகள் எல்லாம் சேர்த்து ஒரு கேமரா 5.2 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மொத்தப் பருமன் 4 லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1.025 கிலோ. ஆகவே மூழ்கியதும் கடல் 4.1 கிலோவைத் தாங்கிக்கொள்ளும். ஆர்க்கிமிடீஸ் கணக்குதான்: மூழ்கும் பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடையளவு அதை மேலே தாங்கும். மிச்சம் 1.1 கிலோ உங்கள் கைக்கு.

இவ்வளவுதானே என்று தோன்றும். கையை நீட்டியபடி அதை முக்கால் மணி நேரம் பிடித்துப் பார்த்தால் தெரியும். இதற்காகத்தான் விளக்குக் கைகளில் மிதவை கட்டுகிறார்கள். 200 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் மிதவை, கடலில் 825 கிராமைத் தூக்கும். மீதமுள்ள 275 கிராமையும் அடியோடு போக்கிவிட நான் விரும்பமாட்டேன். மணலில் வைத்தால் கேமரா வைத்த இடத்தில் இருக்க வேண்டாமா?

ஆனால் மொத்தக் கனம் பூஜ்யமானாலும் மணிக்கட்டு வலிக்கலாம். அகன்ற காட்சிக்கான லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி டோமுக்குள் காற்றுதான் நிறைந்திருக்கும். அது மேலே எழப் பார்க்கும். உலோக உறையும் கேமராவும் பின்னால் கீழே இழுக்கும். முன்னால் 300 கிராம் மேலே, பின்னால் 300 கிராம் கீழே: கூட்டினால் ஒன்றுமில்லை, ஆனால் கேமரா வானத்தைப் பார்க்கத் திரும்பும். நிறை மையத்துக்கு (எடை முழுவதும் குவிந்து கீழே இழுப்பதுபோன்ற புள்ளி) நேர் மேலே மிதப்பு மையம் (நீர் மேலே தள்ளும் விசை குவிந்ததுபோன்ற புள்ளி) வரும்வரை அது சுழன்றுகொண்டேதான் இருக்கும். எனவே முதலில் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். மிதவைகளைப் பின்னுக்குத் தள்ளலாம், போதாவிட்டால் டோமின் அடியில் சிறு எடை சேர்க்கலாம். மிதவைகளை ரொம்ப உயரத்தில் வைத்தாலும் தொல்லை உண்டு. நிலையாக நிற்கும், சரி. செங்குத்துப் படத்துக்காகக் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது முரண்டு பிடிக்கும்.

ஆழமும் கணக்கைக் கலைக்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மென்மையான நுரை மிதவை அதில் நசுங்கிச் சிறுத்து, தூக்கும் வலுவை இழக்கும். நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் கலந்து வார்த்த கெட்டி நுரை அப்படிச் சுருங்குவதில்லை.

அளந்து பார்ப்பது எளிது. காற்றில் தொங்கும் தராசில் கேமராவைக் கட்டி, நன்னீர்த் தொட்டியில் முழுக்க அமிழ்த்துங்கள். மிதவை கட்டாத நம் கேமரா 1.2 கிலோ காட்டும். 5.2-இலிருந்து அதைக் கழித்தால் 4. அதுவே லிட்டரில் பருமன். கடலில் லிட்டருக்கு 25 கிராம் குறையும் என்பதால் அங்கே 1.1 கிலோ. நீச்சல் குளத்தில் அந்தரத்தில் நின்ற கேமரா கடலில் மேலே கிளம்புவதற்கும் இதுவே காரணம். எடை பார்க்கும் முன் கேமராவை நன்றாக உலுக்கிவிடுங்கள்; இடுக்குகளில் ஒட்டியிருக்கும் குமிழிகளும் மிதவைதான்.