ஒரு புத்தகம் பள்ளி நூலகத்துக்குள் எப்படி வருகிறது?

"நல்ல புத்தகம்தான், ஆனால் இங்கே வேண்டாம்." பள்ளி நூலகர்கள் அடிக்கடி சொல்ல வேண்டிவரும் வாக்கியம் இது. கேட்பவருக்கு எரிச்சல்தான் வரும். நல்ல புத்தகம் என்றால் வாங்கிப் போட வேண்டியதுதானே?

இதற்கான பதிலை நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே நூலகவியலின் ஐந்து விதிகளுக்குள் வைத்துவிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வாங்கிய புத்தகங்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவற்றில் சுமார் 40 சதவீதம் அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே இந்தக் கதி. இரண்டு மூன்று அலமாரி மட்டுமே உள்ள பள்ளியில், யாரும் தொடாத புத்தகம் இன்னொன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அதனால் வேலை தொடங்குவது பதிப்பாளர் பட்டியலில் இல்லை, அலமாரியில் இருக்கும் ஓட்டைகளில். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி எண் முறையில் அறிவியலுக்கு 500 முதல் 599 வரை. எந்த எண்ணில் எத்தனை புத்தகம் என்று எண்ணினாலே நூலகத்தின் சாய்வு தெரிந்துவிடும். விலங்குகள் இருக்கும் 590 வரிசை பிதுங்கி வழியும். காந்தவியலுக்கான 538-இல் ஒன்றே ஒன்று ஒல்லியாகச் சாய்ந்திருக்கும். அப்புறம் இரவல் பதிவு, வரப்போகும் பாடங்கள், பிள்ளைகள் கேட்டு இல்லையென்று திரும்பிய தலைப்புகள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசிப் பட்டியல்தான் மற்ற இரண்டையும்விடப் பெறுமானமுள்ளது. இல்லாத புத்தகம் இரவல் பதிவில் ஏறாதே!

சரி, காந்தம் பற்றி ஒரு புத்தகம் கைக்கு வருகிறது. அனுபவமுள்ள நூலகர் அட்டையைப் பார்த்து மயங்குவதில்லை. முதலில் பதிப்பு விவரப் பக்கத்தில் ஆண்டு. பிறகு கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல், இருக்கிறதா என்று பார்ப்பார். தகவல் நூலில் அது இல்லாவிட்டால் பிள்ளை தேடியது கிடைக்காமல் மூடிவிடும். படங்களுக்குக் கீழே விளக்கம் உண்டா? தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்து, அதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று சோதிப்பார். காந்தம் எல்லா உலோகத்தையும் இழுக்கும் என்று எழுதியிருந்தால் அங்கேயே முடிந்தது: செம்பும் அலுமினியமும் ஒட்டாது என்பதை வீட்டிலேயே ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். கடைசியாக, புத்தகத்தை நடுவில் விரித்து முதுகைப் பார்ப்பார். தையல் போட்ட கட்டு பல வருடம் தாங்கும். வெறும் பசைக் கட்டு ஐம்பது கைகள் மாறுவதற்குள் தாள் தாளாக உதிர ஆரம்பிக்கும்.

எந்த வயதுக்கு ஏற்றது என்பதுதான் சிக்கலான கேள்வி. வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணிக் கடினத்தை அளக்கும் சூத்திரங்கள் 1940-களிலிருந்தே உண்டு. ஐந்து விரல் சோதனை அதைவிட எளிது. ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும்; ஐந்தும் மடங்கினால் புத்தகம் கொஞ்சம் கனம். ஆனால் இந்த அளவுகளை அப்படியே நம்பிவிட முடியாது. 1988-இல் 64 மாணவர்களிடம் பேஸ்பால் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். டைனோசர் பைத்தியமாக அலையும் ஏழு வயதுப் பிள்ளை வாயில் நுழையாத பெயர்களை மளமளவென்று சொல்வதும் இதனால்தான்.

பிறகு வருவது சர்ச்சை. தேர்வுக்கும் தணிக்கைக்கும் என்ன வேறுபாடு என்று 1953-இல் அமெரிக்க நூலகவியல் அறிஞர் லெஸ்டர் ஆஷைம் எழுதினார். தேர்வு செய்பவர் ஒரு நூலை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார்; தணிக்கை செய்பவர் விலக்கக் காரணம் தேடுகிறார். கையில் இருப்பது ஒரே புத்தகம்தான். அதனால்தான் தேர்வு விதிகளை முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது என்கிறார்கள். புகார் வந்தால் எழுத்தில் வாங்கி, ஒரு குழு புத்தகத்தை முழுதாக வாசித்து முடிவெடுக்கும். அதுவரை அது அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்பது இதில் முக்கியமான விதி.

நூல்களைக் கழிப்பதும் தேர்வின் பாதி. பலருக்கு இது மனசு கேட்காத வேலை. ஆனால் 2006-இல் புளூட்டோ குறுங்கோள் ஆகிவிட்டது; ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகம் வழுவழுவென்று புதிதுபோல இருந்தாலும் வெளியேறியே ஆக வேண்டும். இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே கழிவுக் குவியலில் கிடக்கும். அட்டை தொங்கி, ஓரம் கறுத்து, தேதிச் சீட்டில் முத்திரை குத்த இடமில்லாமல், பக்கங்கள் ரப்பர் பேண்டில் கட்டப்பட்ட புத்தகம். நூலகர் அதன் எண்ணைப் பதிவேட்டில் அடித்துவிட்டு, கையோடு அதே தலைப்பை வாங்க வேண்டிய பட்டியலில் முதலாவதாக எழுதுகிறார். பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: "தையல் கட்டு கிடைக்குமா?"