கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தால் காப்பீட்டு அட்டை எதற்கு உதவும்?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. அவற்றின் உள்சுவர் கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து வழியைக் குறுக்கும்; அங்கே உறையும் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மலைப்பாதை விபத்தில் கழுத்து வெடுக்கென்று இழுபட்டாலும் வரும், சலூனில் சொடக்கு எடுத்தாலும் வரலாம். (நம்மூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.) இளவயதினரும் தப்புவதில்லை.

சாலை விபத்து என்றால் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை, வருமானம் எதுவும் கேட்கமாட்டார்கள். ஊட்டி பார்க்க வந்த வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஆனால் இந்தக் கிழிசல் சில நாள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். ஒரு பக்கக் கழுத்துவலி, அதே பக்கம் இமை தொங்குவது, பிறகு வாய் கோணுவது, கை மரத்துப்போவது. அப்போது அந்த 48 மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் துணை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். பிரீமியம் அரசு கட்டுகிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு, நீலகிரிக்காரர்கள் ஊட்டி கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். தூரத்திலிருந்து வரும் பந்தலூர்க்காரருக்கு அதில் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனாலும் உடம்பு நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஆளைக் கோயம்புத்தூருக்கு இறக்கிய பிறகு சான்றுக்காக மறுபடி மலை ஏறுவது பெரும்பாடு.

சரி, ஸ்டென்ட் (ரத்தக்குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய்)? எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலான கிழிசல்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையில், 3 முதல் 6 மாதத்தில் ஆறிவிடும். மாத்திரை எடுத்தும் பக்கவாத அறிகுறி திரும்பினால், மூளைக்கு ரத்தம் போதாவிட்டால், குழாய்ச் சுவர் பலூன்போல் உப்பினால்தான் தொடை வழியாகக் அதைச் செலுத்துவார்கள். டாக்டர் "இப்போதைக்கு வேண்டாம்" என்றால், அட்டைக்காரர் என்று கழித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வைப்பதாக முடிவானால் மருத்துவமனையே ஸ்கேன் அறிக்கையை அனுப்பி முன் அனுமதி வாங்கும். அனுமதி வந்ததா, ஸ்டென்ட்டின் விலை முழுக்க அதில் அடங்குமா, இந்த இரண்டையும் காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் பணம் கட்டச் சொன்னால் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்கு அடியுங்கள்.