கண் திரும்பாத குழந்தைக்குக் காப்பீடு: எங்கே மடக்குகிறார்கள்?

கைக்குழந்தையின் ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால், "மாறுகண்ணும்மா, வளர வளர சரியாயிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அது டுவேன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறாக இருந்தால், வளர்ந்தாலும் சரியாகாது. கண்ணை வெளியே இழுக்கும் தசைக்கு மூளையிலிருந்து வரவேண்டிய ஆறாவது நரம்பு கருவிலேயே சரியாக உருவாகாமல், மூன்றாவது நரம்பின் கிளை அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆபரேஷன் அந்த நரம்பைச் சரிசெய்யாது; கழுத்தைத் திருப்பியே பார்க்கும் பிள்ளையை நேராகப் பார்க்க வைக்கத்தான் அது. எல்லாருக்கும் தேவைப்படாது. பார்வைச் சோதனையும் காதுச் சோதனையும் எல்லாருக்கும் வேண்டும்.

பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்க 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிக்கும்தான் வரும். உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் என்றால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே தூக்கிப் போங்கள். "லிஸ்ட்ல இந்த நோய் இல்லையே" என்பார்கள். பார்வைக் குறைபாடு லிஸ்டில் இருக்கிறது. அதன் கீழ் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில்: ரேஷன் கார்டில் குழந்தை பெயரே ஏறியிருக்காது. அட்மிஷன் அன்று அதைக் கண்டுபிடித்தால் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வேண்டியதுதான். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியதுமே கார்டிலும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது டாக்டர் எழுதித் தரும் சீட்டு. "மாறுகண்" என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தால், "அழகுக்குப் பண்றதுக்குப் பணம் கிடையாது" என்று திருப்ப இடம் கொடுத்தது போல. நோயின் பெயர், கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஒவ்வொரு கண்ணின் பார்வை அளவு, எல்லாம் டாக்டர் கையெழுத்தோடு வேண்டும். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் பிள்ளையின் சீட்டு.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலையச் சொல்லும் புரோக்கர்களை நம்பாதீர்கள். பெரும்பாலான உதவிகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். கணக்கிடுவது கண் அசைவை அல்ல, கண்ணாடி போட்ட பிறகும் இருக்கும் பார்வையை. ஒரு கண் முழுக்கப் போனாலும் மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். உசிலம்பட்டியிலிருந்து கூலியை விட்டு வந்த அம்மாவிடம் இதை முதல் நாளே யாரும் சொல்வதில்லை. இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு, அல்லது காதும் கேட்கவில்லை என்றால் மட்டும் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

எந்த கவுன்டரில் மறுத்தாலும் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.