லைக் எண்ணிக்கை மூளைக்கு என்ன கற்றுத்தருகிறது?

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன் ஷெர்மனும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனை 2016-இல் வெளியானது. 13 முதல் 18 வயது வரையிலான 32 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போலவே இருக்கும் திரையில் 148 படங்களைக் காட்டினார்கள். அவற்றில் 40 படங்கள் அந்தந்தப் பிள்ளையே கொடுத்தவை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எத்தனை லைக் என்று போட்டிருக்கும். தங்கள் வயதுப் பிள்ளைகள்தான் அந்த லைக்குகளைப் போட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் எண்களை முடிவு செய்தவர்கள் ஆய்வாளர்கள். ஒரே படத்தைப் பாதிப் பேருக்கு நிறைய லைக்குடனும், மீதிப் பேருக்குக் குறைந்த லைக்குடனும் காட்டினார்கள். படம் அதேதான், எண் மட்டும் வேறு.

எண் கூடிய படத்துக்குப் பிள்ளைகளும் கூடுதலாக லைக் போட்டார்கள். சிகரெட், மது போன்றவை இருந்த படங்களிலும் இதுவேதான் நடந்தது. நிறைய லைக் இருந்த படங்களைப் பார்த்தபோது, அதிலும் முக்கியமாக அவை சொந்தப் படங்களாக இருந்தபோது, மூளையின் ஆழத்தில் இருக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி சுறுசுறுப்பானது. உணவும் பணமும் கிடைக்கும்போது வேலை செய்யும் அதே பகுதிதான் இது.

இந்தப் பகுதியின் வேலையைப் புரிந்துகொள்ள, அங்கே சுரக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் சரியாகப் பார்க்க வேண்டும். அதை 'இன்ப ரசாயனம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. ஒரு சமிக்ஞைக்குப் பின் எப்போதும் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாறு வரும்போது துடிப்பு இல்லை. சமிக்ஞை தெரிந்த உடனேயே துடித்தன. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. ஆக, இந்தச் செல்கள் சொல்வது 'எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்ததா, குறைவாக வந்ததா' என்ற கணக்கைத்தான். அந்த வித்தியாசத்தை வைத்தே மூளை கற்றுக்கொள்கிறது.

இப்போது லைக்குக்கு வருவோம். அது எப்போது வரும், எத்தனை வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் எதிர்பார்ப்பு ஒரு நிலைக்கு வந்து அடங்குவதே இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூளைக்குப் புதிதாக ஒரு வித்தியாசம் கிடைக்கிறது. நோட்டிஃபிகேஷனின் சிவப்புப் புள்ளி ஷுல்ட்ஸின் சமிக்ஞை செய்த வேலையைச் செய்கிறது. ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009-இல். அதற்கு முன்பே, 2006-இல், கீழே போகப் போகப் புதிது வந்துகொண்டே இருக்கும் முடிவில்லா ஸ்க்ரோலை அசா ரஸ்கின் வடிவமைத்திருந்தார். பக்கம் முடிகிற இடம் என்று ஒன்று இருந்தவரை 'சரி, போதும்' என்று நினைக்க ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியும் போய்விட்டது.

பெரியவர்களுக்கும் இதெல்லாம் நடக்கிறதே, பிள்ளைகளைப் பற்றி ஏன் தனியாகக் கவலைப்பட வேண்டும்? மூளை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. பருவமடையும் காலத்தில் வெகுமதியை உணரும் பகுதிகளும், மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கும் பகுதிகளும் கூர்மையாகின்றன. நிறுத்து என்று சொல்ல உதவும் முன்நெற்றிப் புறணியோ 25 வயதை ஒட்டித்தான் முழுமையாகிறது. ஏமி ஆர்பனின் குழு பிரிட்டனில் 10 முதல் 21 வயது வரையிலான 17,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டது. சமூக ஊடகத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தியதற்கும், ஓராண்டு கழித்து வாழ்க்கைத் திருப்தி குறைந்ததற்கும் இருந்த தொடர்பு சில வயதுகளில் பளிச்சென்று தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வரை, ஆண் பிள்ளைகளுக்கு 14, 15, அப்புறம் இரு பாலருக்கும் 19. திருப்தி குறைந்த பிள்ளைகள் பின்னர் சமூக ஊடகத்தைக் கூடுதலாக நாடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதாவது தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. 'எத்தனை மணி நேரம் பார்க்கலாம்' என்ற கேள்வியைவிட 'எந்த வயதில், எந்த மனநிலையில் பார்க்கிறாள்' என்ற கேள்வி முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

வீடியோ போடுபவர்களுக்கு வருவோம். இவர்கள் கதையைப் பெரும்பாலும் யாரும் இந்தக் கோணத்தில் பேசுவதில்லை. யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால், கடைசியாகப் போட்ட வீடியோ முந்தையவற்றோடு ஒப்பிடும்போது எத்தனையாவது இடம் என்று முதல் சில மணி நேரத்திலேயே காட்டும். '10-இல் 10', அதாவது பத்து வீடியோக்களில் கடைசி இடம், என்று வந்தால், எதிர்பார்த்த சாறு வராத குரங்கின் மூளையில் நடந்தது போன்றதுதான் அவர் மூளையிலும் நடக்கிறது எனலாம். அடுத்த வீடியோவில் எதை மாற்றலாம் என்று அந்தக் கணமே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் பியோர்ன் லிண்ட்ஸ்ட்ரோம் குழுவினர் 4,000-க்கும் மேற்பட்டவர்களின் பத்து லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை ஆராய்ந்தார்கள். எவ்வளவு இடைவெளி விட்டு அடுத்த பதிவைப் போடுகிறார்கள் என்பது, விலங்குகள் வெகுமதிக்காகக் கற்றுக்கொள்வதை விளக்கும் அதே கணித மாதிரிக்குள் அடங்கியது. லைக் வேகமாக வந்தால் பதிவும் வேகமாக வந்தது.

இடைவெளி மட்டுமல்ல, பேசும் விதமும் மாறுகிறது. வில்லியம் பிராடியும் மோலி கிராக்கெட்டும் சக ஆய்வாளர்களும் ட்விட்டரில் 7,331 பேர் எழுதிய 1.27 கோடி பதிவுகளைப் பார்த்தார்கள். கோபமாக எழுதியதற்கு லைக்கும் ரீட்வீட்டும் கிடைத்தவர்கள், பின்னர் இன்னும் கோபமாக எழுதினார்கள். தளம் எதை அளக்கிறதோ அதற்கேற்பப் படைப்பும் வளைகிறது. 2012-இல் யூடியூப் கிளிக் எண்ணிக்கையைவிடப் பார்க்கும் நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுத்ததும், ஆளை உட்காரவைக்கும் நீண்ட வீடியோக்களுக்குத் தெம்பு வந்தது. ரீச், அதாவது வீடியோ போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை, விழுந்துவிடும் என்ற பயத்தில் ஓய்வெடுக்கவே தயங்குகிற ஒரு வேலை இது. அந்தப் பயத்தைப் பலவீனம் என்று ஒதுக்குவது அநியாயம். கற்றுக்கொள்ளும் மூளை எதுவும் அப்படித்தான் நடக்கும்.

எண்ணை அடிக்கடி பார்க்காமல் இருப்பது உதவும். இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் உண்டு. ஆட்டோபிளேயையும் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்தலாம். வீடியோ போடுபவர் புள்ளிவிவரத்தை வாரத்தில் ஒரு நாள் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், எப்போது வரும் என்ற பதற்றம் குறையலாம்.

இந்த வழிகள் எதுவும் உதவாத ஒரு கூட்டம் இருக்கிறது. பெற்றோர் நடத்தும் சேனலில் நடிக்கும் குழந்தைகள். அழுதபோது வியூஸ் கூடினால், அடுத்த முறை கேமரா எதற்காகக் காத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோரின் மூளை எண்ணிடமிருந்து கற்றுக்கொள்கிறது, குழந்தையின் மூளை பெற்றோரின் முகத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சட்டம் உள்ளது. பிரான்ஸ் 2020-லேயே, 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக இப்படி ஒரு சட்டம் போட்டது. அதில் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பிரிவு. தன் வீடியோவை நீக்கும்படி அந்தக் குழந்தையே தளத்திடம் நேராகக் கேட்கலாம். அதற்கு அப்பா அம்மாவின் சம்மதம் தேவையில்லை.