பழைய சைக்கிளின் ஜாதகம் செயினில் இருக்கிறது

முதல்முறை செகண்ட்ஹேண்ட் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயின்டைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு கியர் சைக்கிளை வாங்கி வந்து, செயின் மட்டும் பழசாக இருக்கிறதே என்று புதுசு மாட்டினேன். மேடு ஏறும்போதெல்லாம் 'டக் டக்'கென்று செயின் தாவ ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் கடை அண்ணன் பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் போச்சு தம்பி, இதுல புதுச் செயின் எப்படி உக்காரும்?" என்றார். முன்னும் பின்னும் பல்சக்கரங்களை மாற்றி முடித்தபோது, வாங்கிய விலையில் பாதி மறுபடியும் கையைவிட்டுப் போயிருந்தது.

அன்றைக்கு என் கையில் ஒரு ஸ்கேல் இருந்திருந்தால் போதும். ஒரு விளிம்பில் அங்குலம் போட்ட சாதாரண 30 சென்டிமீட்டர் ஸ்கேல்தான்.

சைக்கிள் செயினில் கண்ணிகளைக் கோக்கும் குட்டி ஆணிகளுக்குப் பின் என்று பெயர்; அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பால்காரர் ஓட்டும் சைக்கிளோ லட்ச ரூபாய் ரேஸ் சைக்கிளோ, இந்த அளவு மாறாது. பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக்கிக்கொண்டு, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்றும் வேளை வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளி நின்றால் பல்சக்கரங்களும் அநேகமாகக் காலி, அதற்கான செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். கியர் இல்லாத சைக்கிளின் தடித்த செயின் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும். முழு செயின் கவர் போட்டிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

'செயின் நீண்டுடுச்சு' என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் இரும்புத் தகடு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. பின்னும் அது உட்கார்ந்து திரும்பும் துளையும் ஒன்றை ஒன்று தேய்க்கின்றன, நடுவில் சாலை மண்ணும் பழைய ஆயிலும் சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்கின்றன. 12 அங்குலத்துக்குள் இப்படி 24 கண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைமுடி தடிமன் அளவுக்குத் தேய்ந்தாலே கூட்டிப் பார்த்தால் அந்த 1/16 அங்குலம் வந்துவிடும். அப்புறம் செயினின் இடைவெளி ஒன்று, பற்களின் இடைவெளி வேறொன்று. செயின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் ஏறி நிற்க, பல பற்கள் பகிர்ந்து சுமந்த பாரம் ஒன்றிரண்டு பற்களின் தலையில் விழுகிறது. பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து கொக்கி மாதிரி வளைகின்றன. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்திப் போய்விடும், புதுச் செயினைப் போட்டால்தான் சண்டை. எனக்கு நடந்தது இதுதான்.

சரி, ஃப்ரேம். இதில் தவறு செய்தால் சைக்கிளே போச்சு. எதிரில் எதிலாவது மோதிய சைக்கிளில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அதாவது ஃபோர்க், பின்னோக்கித் தள்ளப்படும். ஹேண்டிலுக்குக் கீழே சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கம் அப்போது நசுங்கும். அங்கே விரலால் தடவிப் பாருங்கள், பெயின்டில் சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால் கிளம்பிவிடுங்கள். ஒரு நூல் இருந்தால் இன்னொரு சோதனை: பின் அச்சின் ஒரு பக்கத்தில் கட்டி, முன்னால் ஹேண்டில் தண்டு நுழையும் ஃப்ரேம் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்து அச்சில் அதே இடத்தில் கட்டுங்கள். நடுவிலுள்ள சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டீல் ஃப்ரேமில் மேலோட்டமான துருவைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். ஸ்டீலுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, பாரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும்வரை எத்தனை முறை அதிர்ந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது, சின்னச் சின்ன அதிர்வுகளும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால் அலுமினிய ஃப்ரேமில் வெல்டிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முடியளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். கார்பன் ஃப்ரேம்? அடி உள்ளே பட்டிருந்தால் வெளியே தெரியாமலே போகலாம், முதல் சைக்கிளுக்கு அந்த ரிஸ்க் எதற்கு?

சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக வீணைக் கம்பி மாதிரி சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் நல்லது, எங்கோ ஒன்று 'தொப்'பென்றால் அது தளர்ந்தது. கம்பிகள் எல்லாம் முன்கூட்டியே இழுத்து முறுக்கப்பட்டவை. நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையை ஒட்டி இருக்கும் கம்பிகளின் இழுப்பு குறைகிறது, சக்கரம் சுழன்றதும் திரும்பக் கூடுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றும், அத்தனை முறையும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகும். ஏற்கெனவே தளர்ந்த கம்பிக்கு இந்த ஆட்டம் அதிகம். கடைசியில் நடுக்குடத்தில் வளைந்து மாட்டியிருக்கும் இடத்தில் படக்கென்று முறியும். ரிம் லேசாகக் கோணலாக இருந்தால் பெண்டு எடுத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும்போது பூட்டில் விழுந்த மாதிரி ஓரிடத்தில் நின்றால், உள்ளே பால்ஸ், அதாவது இரும்புக் குண்டுகள், உட்காரும் கப்பில் பள்ளம் விழுந்திருக்கிறது. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் குண்டுகள் வருஷக்கணக்காக அதே இடத்தில் அதிர்ந்து தேய்த்து உண்டாக்கிய பள்ளம் அது. கப் செட் மாற்றினால் சரியாகிவிடும். விலை குறைக்க நல்ல சாக்கும்கூட.

உயரம் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே ஏறிப் பார்த்துவிடுங்கள்; சீட்டை ஏற்றி இறக்கலாம், ஃப்ரேமை முடியாது. சீட் கம்பி துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சீட்டையும் முடியாது. பணம் கொடுக்கும் முன் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் ஃப்ரேம் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அது வேறு இடத்தில் இருக்கும். ஆனால் நம்பர் இருந்த இடத்தை யாரோ அரம் போட்டு ராவியிருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அது திருட்டு சைக்கிளாக இருக்க வாய்ப்பு அதிகம்.